கை படாத சுத்தம்

உன் கடைச் சுவரில் நீ பெருமையாக எழுதி வைத்திருப்பது தீண்டாமை. பச்சைப் பெயிண்டில், நல்ல எழுத்தில், ஓரத்தில் இரண்டு மூங்கில் இலை வரைந்து எழுதியிருக்கிறாய்: "மூங்கில் கடை. கை படாத சுத்தம், ஆறு தலைமுறையாக." இதை வீட்டுக்குள்ளேயே பேசி முடித்திருக்கலாம். பேசிப் பார்த்தேன், நீ கடையில் வேலை செய்துகொண்டிருந்த தச்சர் பக்கம் திரும்பிக்கொண்டாய். அந்தச் சுவரைப் படம் எடுத்து எல்லோரும் பார்க்கும்படி போட்டவனும் நீதான். ஊரறிய நீ சொன்ன கதைக்கு உன் அம்மா நான் ஊரறியவே பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள், பரவாயில்லை. ஆனால் கடைசி வரை படி.

முதலில் நம் வீட்டுக் கதையை, நம் வீட்டில் சொல்கிற மாதிரியே சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுடைய தாத்தாவின் அப்பா பொன்னுசாமி. வெள்ளைக்காரன் ஆட்சியில், திருப்பத்தூர்ப் பக்கம் சந்தை கூடுகிற ஒரு சின்ன ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். ஆரம்பத்தில் உப்பைத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்றார். பிறகு கழுதை வாங்கினார். பிறகு சந்தைத் திடலுக்கு எதிரே கூரை போட்டு உப்பு, மிளகாய், புளி, வெல்லம், புகையிலை, விளக்கெண்ணெய் என்று அடுக்கினார். தாது வருஷப் பஞ்சத்தில் ஊரில் பாதி ஜனம் கிளம்பிப் போனபோதும் அந்தக் கடை மூடவில்லை என்று சொல்வார்கள். பஞ்சத்தில் மூடாத கடை யாருக்கு, என்ன விலைக்கு விற்றது என்று யாரும் சொன்னதில்லை. மனிதர் உழைப்பாளி, அதை நான் மறுக்கவில்லை. ஒன்றுமில்லாமல் ஆரம்பித்து, பிள்ளைகளை மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் அளவுக்கு நிமிர்ந்தவர். அந்தப் பள்ளிக்கூடத்தால்தான் அவர் மகன் கிறிஸ்தவரானார், பேரன் பெங்களூர்த் தண்டுக்கு, அதுதான் கண்டோன்மென்ட்டுக்கு, வந்து கடை போட்டார், நாம் இன்று லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம்.

அந்தப் பொன்னுசாமிக்கும் ஓர் அவமானம் இருந்தது. அக்ரகாரத்துக்குச் சாமான் கொண்டுபோனால் வாசலில் இறக்கி வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அவர்கள் மூட்டை மேல் தண்ணீர் தெளித்த பிறகுதான் உள்ளே எடுத்துப் போவார்கள். என் அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் கனத்துவிடும். பார்த்திராத கொள்ளுத்தாத்தாவுக்காகக் கண் சிவக்கும். நம் வீட்டில் இந்தப் பாதிக் கதையை யாரும் மறந்ததே இல்லை. அடுத்த பாதிக்கு வரும்போது மட்டும் அதே குரல் லேசாகிவிடும். "கடையில அவ்ளோ சுத்தம்மா அவரு. சாமானைக் கையால தொட்டுக் குடுக்கவே மாட்டாரு. மூங்கிலைப் பொளந்து சாய்ச்சு வெச்சிருப்பாரு. மேல கொட்டினா கீழ துணியில வந்து விழும். அதனாலதான் மூங்கில் கடைன்னே பேரு." நான் நம்பினேன். நீ ஐந்தாம் வகுப்பில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள் என்று வந்து நின்றபோது, இதையே உனக்குச் சொன்னேன். நீ மரத்துக்குப் பதிலாக ஒரு மூங்கிலை வரைந்து, ஒவ்வொரு கணுவிலும் ஒரு தாத்தா பெயரை எழுதினாய். எவ்வளவு நாள் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன் தெரியுமா. இப்போது அதே மூங்கிலைத்தான் காக்ஸ் டவுனில், கண்ணாடிக் கதவு போட்டு, செக்கு எண்ணெயும் சிறுதானியமும் விற்கிற கடையில் நட்டு வைத்திருக்கிறாய்.

நீ கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற மேகலாவின் வீட்டார் சம்பந்தம் பேச நம் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். பேச்சு நன்றாகத்தான் போனது. அவள் அப்பா முருகேசன் பீன்யாவில் பிரஸ் மெஷின் ஓட்டி, இப்போது ஷிஃப்டுக்குப் பொறுப்பாக இருப்பவர். வந்ததும் நம் வீட்டு ஃபேன் தள்ளாடுவதைப் பார்த்து, "இது எந்த நேரமும் யார் தலையில வேணும்னாலும் எறங்கும், சம்பந்தி யாரு அடியில உக்காரப் போறீங்க?" என்று சிரிக்க வைத்தவர். டீ கொடுத்தேன். நீ போனை எடுத்து, சுவரெழுத்தும் தச்சர் புதிதாகச் செய்துகொண்டிருந்த மூங்கிலுமாகக் கடைப் படங்களைக் காட்டினாய். "அங்கிள், இது வெறும் பிசினஸ் இல்ல, எங்க ஃபேமிலி ஹிஸ்டரி" என்றாய். அவர் பார்த்துக்கொண்டே, "பூர்வீகம் எந்த ஊரு?" என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அங்க மூங்கில் கடைன்னு ஒண்ணு இருந்ததா எங்க பக்கம் சொல்வாங்க."

"அது நாங்கதான் அங்கிள்!" என்றாய் நீ. இத்தனை வருஷத்தில் உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பாதி டீ அதில் அப்படியே இருந்தது. மேகலாவின் அம்மா அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு முந்தானையைச் சரி செய்துகொண்டு, "லேட் ஆயிடுச்சு, பஸ் கெடைக்காது" என்றார். மத்தியான வெயில் வாசலில் அடித்துக்கொண்டிருந்தது. அவர்களை அனுப்பிவிட்டு உள்ளே வந்து நீ சொன்னதை நான் மறக்க மாட்டேன். "பாத்தீங்களாம்மா? அவருக்கே நம்ம கடை தெரிஞ்சிருக்கு."

எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. ஏனென்றால் மேகலா முன்பு ஒருமுறை நம் வீட்டில் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. நீ மேஜை மேல் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டாய், போனைப் பார்த்துக்கொண்டே. அவள், "மூங்கில்ல தள்ளாத, கையில குடு" என்றாள். நாம் எல்லோரும் சிரித்தோம். என்ன சொன்னாள் என்று நாம் யாரும் கேட்கவில்லை. அவளும் பழக்கத்தில் சொல்லிவிட்டாள். அந்த மூங்கில் எங்கே நின்றது என்று அவளுக்கும் அன்றைக்குத் தெரியாது.

அடுத்த வாரம் உன்னிடம் சொல்லாமல் பீன்யாவுக்குப் போனேன். முருகேசன் வீட்டில்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மேகலாவின் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, உள்ளே திரும்பி, எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்: "காபியை அம்மாவுக்குக் கையிலேயே குடுடி. நாம மூங்கில்லாம் வெக்கல." மேகலா காபியைக் கொண்டுவந்து என் இரண்டு கையிலும் வைத்துவிட்டு, சிரிக்காமல் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. "எனக்குப் பாதிதான் தெரியும்ணா. மீதியை நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

சொன்னார். கடைக்கு முன்வாசல் ஊர்க்காரர்களுக்கு. சேரிக்காரர்களுக்குப் பின்பக்கச் சந்து. அங்கே சுவரில் ஒரு ஓட்டை, அதிலிருந்து சரிவாக ஒரு பிளந்த மூங்கில். காசை முதலில் ஒரு கல் மேல் வைத்துவிட்டு விலக வேண்டும். கடைக்காரர் அதன் மேல் தண்ணீர் ஊற்றி எடுத்துக்கொள்வார். பிறகு உப்போ மிளகாயோ மூங்கிலில் சறுக்கி வரும். கீழே துணி விரித்துப் பிடித்து நிற்க வேண்டும். மழை பெய்தாலும் அங்கேதான். வயிற்றுப்பிள்ளைக்காரி என்றாலும் அங்கேதான். "எண்ணெயும் அதுலதாம்மா" என்றார். "அளக்கறது மேல. வந்து சேர்றது கீழ. நடுவுல மூங்கில் குடிக்கும் இல்ல, அது எங்க கணக்கு. எங்க ஆளுங்க இன்னிக்கும் சொல்வாங்க. கம்பெனியில ஓவர்டைம் கம்மியா போட்டாங்கன்னா, என்னப்பா சம்பளம் வந்துச்சான்னு கேட்டா, மூங்கில் குடிச்சது போக வந்துச்சும்பாங்க. சின்னப் பசங்களுக்கு அது எந்த மூங்கில்னே தெரியாது. எனக்குத் தெரியும். எங்கப்பா சொன்னாரு, அவருக்கு அவங்கப்பா."

மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் வேணாம்மா. நீங்களா ஊத்தினீங்க? உங்க வீட்ல டீ நல்லாத்தான் இருந்துச்சு, கையிலதான் குடுத்தீங்க. ஊர் பேரை முன்னாடியே சொல்லியிருந்தா வெளிய நின்னு துணி விரிச்சிருப்பேன்" என்று சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பழசுக்கு நான் கோவப்படல. உங்க பையன் அதைப் புதுசா செஞ்சு மாட்டறான் பாருங்க, அதைத்தான் என்னால முழுங்க முடியல."

நான் கிளம்பும்போது மேகலா வாசல் வரை வந்தாள். "ஆன்ட்டி, உங்க பையனை எனக்குப் புடிக்கும். அது மாறல. நான் அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீ ஓவரா ரியாக்ட் பண்றேங்கறான். அந்த மூங்கில் அங்க இருக்கற வரைக்கும் நான் அந்தக் கடைக்குள்ள கால் வெக்க மாட்டேன். தேதியும் குறிக்கப் போறதில்ல. நான் மெரட்டறேன்னு அவன் நெனைச்சா நெனைச்சுக்கட்டும். அவனா கழட்டணும்."

இதுதான் உன் முன்னால் இருக்கிற விஷயம். கல்யாணம் நிற்பதும் நடப்பதும் ஜாதகத்திலோ பாதிரியார் கொடுக்கும் நாளிலோ இல்லை. ஒரு மூங்கிலில் இருக்கிறது.

அங்கிருந்து நேராக உன் கடைக்கு வந்தேன். தச்சர் மூங்கிலைப் பொருத்திக்கொண்டிருந்தார். பளபளவென்று வார்னிஷ் அடித்து, மேலே மரத்தொட்டி வைத்து, கீழே வாடிக்கையாளர் துணிப்பையைப் பிடிக்க ஒரு வளையம். நான் கேட்டதைச் சொன்னேன். நீ சொன்ன பதில்கள் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. "சும்னே டென்ஷன் ஆகாதீங்கம்மா. இது ஹைஜீன். இப்ப எல்லாக் கடையிலயும் கிளவுஸ் போட்டுத்தான குடுக்கறாங்க?" பிறகு, "அதெல்லாம் நூத்தம்பது வருஷக் கதை. யாருக்குமா தெரியும்?" மேகலாவுக்குத் தெரியும் என்றேன். அவள் அப்பாவுக்குத் தெரியும். சம்பளம் குறைந்தால் அதைச் சொல்லித் திட்டுகிற ஒரு கூட்டத்துக்கே தெரியும். தெரியாதது உனக்கும் எனக்கும்தான். நீ தச்சரிடம் திரும்பி, ஓட்டிக் காட்டச் சொன்னாய். அவர் ஒரு படி ராகியை மேலே கொட்டினார். சரசரவென்று வந்தது, கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவர் எட்டிப் பார்த்து, "சார், இன்னும் கொஞ்சம் சாய்க்கணும். கணுவுல ராகி நிக்குது" என்றார்.

நீயும் பார்த்தாய். வார்னிஷ் அடித்த புது மூங்கில், நம் கண் முன்னால், குடித்துக்கொண்டிருந்தது.

கையுறை வேறு, மூங்கில் வேறு. கையுறை எல்லோருக்கும் ஒன்று. முன்வாசலில் நின்றவனுக்குப் பொன்னுசாமி மூங்கில் வைக்கவில்லை. அவனுக்குக் கையில்தான் கொடுத்தார், வெற்றிலையும் சேர்த்து. சுத்தம்தான் காரணம் என்றால் முன்வாசலிலும் ஒரு மூங்கில் இருந்திருக்கும். அக்ரகாரத்தில் தன் மூட்டை மேல் விழுந்த தண்ணீரை அவர் பின்சந்தில் இன்னொருவர் காசு மேல் ஊற்றினார். மேலே இருப்பவனை ஒன்றும் செய்ய முடியாதவன் கீழே ஓர் ஆளைத் தேடிக்கொள்வான். இது அந்தக் காலத்தோடு முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவர்களோடு நம் அபார்ட்மெண்ட் லிஃப்ட் பக்கம் போய் நில். கூட்டிப் பெருக்க வருகிறவர்கள் எந்த லிஃப்டில் ஏறுகிறார்கள் என்று பார். நம் வம்சத்துக்கு ஞானஸ்நானத் தண்ணீர் தலையில்தான் விழுந்தது. கை வரைக்கும் வந்து சேர இன்னும் இரண்டு தலைமுறை ஆனது.

அது வந்து சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் உன்னிடம் நம்பிக்கையோடு பேசுகிறேன். நான் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் கடை மெயின் ரோட்டில் இருந்தது. கல்லாவில் ஒரு பித்தளைத் தட்டு. சிலருக்கு மீதிச் சில்லறையைக் கையில் கொடுப்பார், சிலருக்குத் தட்டில் வைத்து நகர்த்துவார். யாருக்கு எது என்று அவர் யோசித்ததே இல்லை, கை தானாகப் போகும். ஒருநாள் காலை, தெரு பெருக்குகிற ஓர் அம்மா, பச்சைக் கோட்டோடு, சோப்பு வாங்கினார். அப்பா சில்லறையைத் தட்டில் வைத்தார். அந்த அம்மா அதைத் தொடவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"கைகே கொடி அண்ணா. தட்டே பேடா."

கையிலேயே கொடுங்கள், தட்டு வேண்டாம் என்று கன்னடத்தில் அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. பின்னால் வரிசை நின்றது. பால் வாங்க வந்த ஒருவர், "பேக பேக" என்று அவசரப்படுத்தினார். அப்பா என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன், அவருக்கு உதவி செய்ய என்னிடம் ஒன்றுமில்லை. காது வரை சிவந்துபோய், தட்டிலிருந்து சில்லறையைப் பொறுக்கி அந்த அம்மா உள்ளங்கையில் வைத்தார். அந்த அம்மா அதை முந்தானை முடிச்சில் போட்டுக்கொண்டு, "ஹா, ஹீகே", ஆமாம், இப்படித்தான், என்று ஒரு தலையசைப்போடு போய்விட்டார். சரியாகச் செய்த பிள்ளையைப் பார்த்துச் சொல்கிற மாதிரி இருந்தது. மறுநாள் அந்தத் தட்டில் தீப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அதைப் பற்றி அவர் கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்தக் கடை மூடும் வரை எல்லோருக்கும் கையில்தான் சில்லறை.

யோசித்துப் பார். என் அப்பா பெரிய சீர்திருத்தவாதி இல்லை. பிடிவாதக்காரர், பயந்தவர், யார் என்ன சொல்வார்களோ என்று வாழ்ந்தவர். அவருக்கே ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. நீ அவரைவிட நல்லவன். நம் தெருவில் சாக்கடை அடைத்து, வாசல் வரை தண்ணீர் ஏறிய மழையில், மற்றவர்கள் மாடியில் நின்று போனில் புகார் சொல்லிக்கொண்டிருந்தபோது, முழங்கால் தண்ணீரில் இறங்கி, வேலைக்கு வந்தவர்களோடு சேர்ந்து கம்பியை இழுத்தவன் நீ. அன்று அவர்கள் பீடியைப் பிடித்த கையாலேயே உனக்கு வடையை நீட்டினார்கள், நீ வாங்கித் தின்றாய். நான் சொல்லிக் கொடுத்துச் செய்யவில்லை. அந்தப் பையன்தான் இப்போது ஒரு மூங்கிலுக்காக வாதாடுகிறான் என்றால், அவன் கெட்டவனாகிவிட்டான் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நல்ல கதையை விட மனசு வரவில்லை, அவ்வளவுதான். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, நமக்கென்று ஒரு வேர் இருக்கிறது என்று நம்பி இறங்கினாய். வேர் இருக்கிறது. அதில் இருக்கிற மண்ணையும் சேர்த்துத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. முருகேசனிடம் போய் விளக்கம் சொல்லாதே. அந்தக் காலம் அப்படி என்று சொல்லாதே, அந்தக் காலத்தில் அவர் ஆட்களும்தான் வாழ்ந்தார்கள். சுவரில் வெள்ளை அடி. உண்மையை எழுதத் தைரியம் இருந்தால் எழுது, ஆனால் பச்சை இலை வரைந்து அதையும் விளம்பரமாக விற்கத் தொடங்கிவிடாதே. தைரியம் வராவிட்டால் வெறும் சுவரே போதும். கடைக்கு வேறு பெயர் வை. உன் எண்ணெய் நல்ல எண்ணெய், அதற்குத் தாத்தா தேவையில்லை. உள்ளே வருகிற யாராக இருந்தாலும் பையைக் கையில் எடுத்துக் கொடு, மீதியைக் கையில் கொடு. மேகலா உள்ளே வருவாள். உன்னைவிட அவளுக்குக் கணக்கு நன்றாக வரும், கல்லாவில் அவளை உட்கார வை. அவள் அப்பா வந்து உன் கடை ஃபேனைப் பார்த்து எதையாவது சொல்லிச் சிரிப்பார். நாமும் சிரிப்போம், இந்த முறை எதற்கென்று தெரிந்து.

தச்சர் ஏணியை உன் கடையிலேயே விட்டுப் போயிருக்கிறார், பார்த்தேன். மூங்கில் நீளமானது, தனியாகக் கழற்ற முடியாது. கீழே ஓர் ஆள் நின்று பிடிக்க வேண்டும். நான் நிற்கிறேன். நீ ஏறிக் கழற்றி, அதை என் கையில் கொடு. எப்போது வரட்டும், சொல்.